அழுத்தித் திருப்பும் மூடி

என் வீட்டு அதிகாரிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. இங்கே நானும் நம் சுண்டெலியும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், இடையில் சண்டை போடுகிறோம். ஆகவே நலமாக இருக்கிறோம் என்றே எடுத்துக்கொள். உன் மகள் சுண்டெலிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ‘அம்மாகிட்ட சொல்லாதீங்க, நேர்ல பாத்துப் பயப்படட்டும்’ என்று எனக்குக் கட்டளை. சொல்லிவிட்டேன். நீ தெரியாத மாதிரியே இரு.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னோடு ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேச முடிவதில்லை. நீ வேலை பார்க்கிற வீட்டில், தன் குழந்தையின் கண்ணில் போன் படக்கூடாது என்று உன் போனை மேடம் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார், சரி. வாரம் ஒருமுறை எடுத்துக் கொடுக்கும்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே நிற்பானேன்? புருஷன் பெண்டாட்டி பேச்சில் அவருக்கு என்ன சுவாரசியமோ. போகட்டும், கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

விருந்தாளிகள் விஷயத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. சாப்பாடு முடிந்ததும் மேடம் ‘டெசர்ட் கொண்டுவா’ என்றாராம், நீ மிட்டாய் டப்பாவைத் தட்டில் வைத்து ஆளாளுக்கு நீட்டினாயாம். மறுநாள் ஜாம் கேட்டவருக்கு ஜெல்லியைக் கொண்டுபோய் வைத்தாயாம். இதற்காக நீ குளியலறையில் போய் அழுதாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டில் இனிப்பாக இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஸ்வீட். கேக்கும் ஸ்வீட், சாக்லேட்டும் ஸ்வீட், சமயத்தில் நீயும் ஸ்வீட். அந்த வீட்டில் தமிழே பேசினாலும் தின்கிற பொருளுக்கெல்லாம் இங்கிலீஷ் பெயர் என்றால், அந்த நாட்டுக்குப் போன கொஞ்ச நாளில் உனக்கு எப்படிப் பிடிபடும்?

நீ கேட்டபடி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் சரக்கு அடுக்குகிற சூப்பர்மார்க்கெட்டில் எது எந்தத் தட்டில் உட்காரும் என்பது தெரியும். அதை வைத்தே சொல்கிறேன், கேள்.

பில் போட வரிசையில் நிற்கிற இடத்தில், குழந்தையின் முகத்துக்கு நேராக ஒரு தட்டு இருக்கும். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் அழுகைத் தட்டு. அங்கே வந்ததும் எந்தப் பிள்ளையும் ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் போகும். அந்தத் தட்டில் இருப்பது கேண்டி. சர்க்கரையைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, காகிதம் சுற்றினது. கடித்தால் பல்லைப் பிடித்துக்கொள்வது டாஃபி. ரப்பர் மாதிரி மென்றுகொண்டே இருக்கலாம் என்றால் கம்மி. எல்லாம் ஒரே குடும்பம், அண்ணன் தம்பிகள். சாக்லேட் மட்டும் பெரிய இடத்துப் பிள்ளை, வெயில் படாத வரிசையில் தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகி மானத்தை வாங்கிவிடும்.

டெசர்ட் என்று ஒரு பொருள் கிடையாது. சாப்பாடு முடிந்த பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிற எந்த இனிப்பும் டெசர்ட். புட்டிங்கோ, ஐஸ்கிரீமோ, ஒரு துண்டு கேக்கோ. எங்கள் கடையில் பெரும்பாலும் குளிர்பெட்டியில் இருக்கும். கரண்டி தேவைப்பட்டால் டெசர்ட் என்று வைத்துக்கொள், முக்கால்வாசி சரியாக வரும். ஜாமில் பழம் நாக்கில் தட்டுப்படும், ரொட்டியில் தடவுவது. ஜெல்லி தட்டில் நின்று ஆடும். ஆனால் சில நாட்டுக்காரர்கள் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஜாமையே ஜெல்லி என்பார்கள். அப்படிப்பட்டவர் கடைக்கு வந்தால், ரொட்டிக்கா, கிண்ணத்துக்கா என்று கேட்டுவிடுவோம். நீயும் கேள், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஐசிங் என்றால் கேக்குக்குப் போடுகிற மேல்பூச்சு, அதைப் போய் ஐஸ்கிரீம் பெட்டியில் தேடி நிற்காதே.

மேடம் மகள், உன் வாயாடிக் குட்டி, எப்படி இருக்கிறாள்? மேகத்துக்கு வயிறு வலிக்குமா என்று கேட்டாளாமே. நாலு வயதுக்கு அந்த வாய் ஜாஸ்திதான். உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கப் பேசிக்கொண்டே வருகிறாள் என்று நீ எழுதியதைப் படித்துச் சுண்டெலிக்குப் பொறாமை. அது உன் தலைப்பு என்று உரிமைப் பிரச்சினை கிளப்பியிருக்கிறாள். அந்தக் குட்டி இருப்பதால்தான் உனக்கு அங்கே பொழுது போகிறது என்று எனக்குத் தெரியும். இருவரையும் ஒரே மாதிரி பார்த்துக்கொள்கிற மனசு உனக்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அழுவதாக இருந்தால் எனக்கு எழுதிவிட்டு அழு.

உன் கட்டளைக்குக் காத்திருக்கும்,
அலமாரி அடுக்குபவன்

* * *

என் ராசாத்திக்கு,

உன் பதில் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. சுண்டெலி நன்றாக இருக்கிறாள், அந்தக் கவலை வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

டெசர்ட்டும் கேண்டியும் இப்போது தப்பில்லாமல் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். மேடம் அந்த மிட்டாய்த் தட்டுக் கதையை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சரி. அதற்குக் கீழே நீ சாதாரணமாக எழுதிவிட்டுப் போனாயே, அந்தப் பத்தியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மேடம் புதிதாக ஒரு கேண்டி வாங்கி வந்திருக்கிறார், கரடி உருவத்தில் இருக்கிறது, குழந்தைக்கு மதியம் ஒன்று, மேடம் அறைக்குள் மீட்டிங்கில் உட்காரும்போது இன்னொன்று, உன் கையால் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்கிறாள் என்பதால் நீதான் கொடுக்கிறாய். இப்போதெல்லாம் குழந்தை படுத்தவுடன் தூங்கிவிடுகிறாள், வீடே அமைதி, மேடத்துக்கு உன்மேல் ரொம்பத் திருப்தி. உனக்குத் தலைவலி என்றபோது உனக்கும் ஒன்று கொடுத்தார், நீயும் நன்றாகத் தூங்கினாய். முதல் நாள் அந்த டப்பாவை உனக்குத் திறக்கத் தெரியவில்லை, மூடி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது, மேடம் சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் அழுத்தித் திருப்பிக் காட்டினார். இவ்வளவும் நீ எழுதினவைதான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

எங்கள் கடையில் சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு அடுக்குகிற மீசைக்காரர் உனக்குத் தெரிந்தவர்தான். புதுச் சரக்குப் பெட்டியைப் பிரித்தார். டப்பாவின் மேல் கரடிப் படம் இருந்தது, மனுஷன் யோசிக்காமல் எல்லாவற்றையும் அழுகைத் தட்டில் அடுக்கிவிட்டார். எங்கள் கடைக்குள்ளேயே மருந்துக் கவுண்டர் ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பார்க்கிற அக்கா டீ குடிக்கப் போகும்போது அதைப் பார்த்துவிட்டார். அந்த அக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஒரு செருப்பு கழன்று வழியிலேயே கிடக்க, ஓடிவந்து தட்டைக் கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். ‘யாருக்காவது பில் போட்டீங்களா, யாராவது எடுத்துட்டுப் போனாங்களா’ என்று எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். நாங்கள் எல்லாரும் முட்டி போட்டுத் தட்டைக் காலி செய்தோம்.

அது தூக்கத்துக்கான கம்மி. பெரியவர்களுக்கு, அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி அந்த அக்காவின் கழுத்தில் தொங்கும். வெளியே கரடி, உள்ளே கரடி, வாயில் போட்டால் இனிப்பு. மூடி மட்டும்தான் வேறு. மிட்டாய் விற்கிறவனுக்குச் சின்னக் கை சுலபமாகத் திறக்க வேண்டும். மருந்து விற்கிறவனுக்குச் சின்னக் கை எப்படியும் திறந்துவிடக் கூடாது. அதனால்தான் அழுத்தித் திருப்பும் மூடி. அழுகைத் தட்டில் அந்த மாதிரி மூடி போட்ட டப்பா ஒன்றுகூட இல்லை. நேற்று நான் ஒவ்வொன்றாக எடுத்துத் திருகிப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு விதி போட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்து அடுக்கக் கூடாது, பின்பக்கம் பார்த்து அடுக்க வேண்டும். நீயும் அந்த டப்பாவைத் திருப்பிப் பார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல் பார்த்து வரைந்து அனுப்பு. அர்த்தம் தெரிய வேண்டாம், எழுத்து போதும். மருந்துக் கவுண்டர் அக்கா படித்துச் சொல்வார்.

அதுவரை அதைக் கொடுக்காதே. மேடம் கேட்டால், குழந்தை வேண்டாம் என்கிறாள் என்று சொல். நான் அவசரப்படுகிறேன் என்று நினைப்பாய். இருக்கலாம். அது வெறும் கேண்டியாகவே இருந்து, நீ என்னை வருஷம் பூராவும் கேலி செய்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. வாயாடி இப்போதெல்லாம் ஒன்றுமே கேட்பதில்லை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கிப்போகிறாள், வளர்கிற குழந்தை, அசதிதான் போல என்று எழுதியிருக்கிறாய். அது அசதி இல்லை, ராசாத்தி. பேசுகிற குழந்தை பேச்சை நிறுத்தினால் அதற்கு அசதி என்று பெயர் இல்லை.

உடனே பதில் போடு. நீ தலைவலி என்று சொன்னாலும் அவர் கையிலிருந்து எதையும் வாங்கி வாயில் போடாதே.

கவலையோடு,
உன்னவன்

* * *

மதிப்புக்குரிய மேடம் அவர்கள் இல்லத்தில் இருக்கும் என் மனைவிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அது வெறும் கேண்டிதான் என்று நீ தெளிவாக எழுதியதைப் படித்து மனம் நிம்மதி அடைந்தது. கடையில் ஏதோ நடந்ததை வைத்துக்கொண்டு நான்தான் இல்லாததை எல்லாம் கற்பனை செய்துவிட்டேன். தட்டு அடுக்குகிறவனுக்கு என்ன தெரியும். மேடம் படித்தவர்கள், பெற்ற தாய், அவர்களுக்குத் தெரியாததா.

இனிமேல் அந்த விஷயத்தைப் பற்றி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். மேடம் சொல்கிறபடி நடந்துகொள். ஞாயிற்றுக்கிழமை மேடம் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார்கள். அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

மகள் நன்றாகப் படிக்கிறாள்.

இப்படிக்கு,
உன் கணவன்

* * *

ராசாத்தி,

இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடிதம். தபாலில் வந்தது மேடம் படிப்பதற்காக எழுதியது. அதை உன் முன்னால் வைத்துப் படித்துக் காட்டினாலும் நீ தலையை ஆட்டிக்கொண்டு நில். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடு.

இதை உன் கையில் கொடுத்தவர் யார் என்று உனக்கே தெரியும், உன் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் சமையல் வேலை பார்க்கிற அக்கா. லீவில் வந்தவர் நம் ஊரைத் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் இறங்கி என்னைக் கடையிலேயே வந்து பார்த்தார். நீ விலாசம் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். அந்தப் புத்தி உனக்கு வந்ததே, அதற்கே உன்னைக் கும்பிட வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ‘உங்க லெட்டர் எல்லாம் முதல்ல அந்தம்மா கைக்குத்தான் வருது, அவ எழுதுறதும் இப்பல்லாம் அவங்க பாத்துதான் போகுது, உங்களுக்குத் தெரியுமா’ என்று கேட்டார். கரடி டப்பாவைப் பற்றி எழுதின கடிதத்தில் உன்னை எச்சரிப்பதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலே வரியில் உன் பதில் ஏன் வந்தது, அதில் நீ என்னை ஒரு கேலிகூட ஏன் செய்யவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனை மேடமே எடுத்தாள். இனி என் பேனாவில் அவளுக்கு மரியாதை வராது. நீ குழந்தையோடு படுத்துத் தூங்குகிறாய் என்றாள். பட்டப்பகலில் நீ படுத்து நான் பார்த்ததே கிடையாது, காய்ச்சலில்கூட உட்கார்ந்துகொண்டே இருப்பாய். எழுப்புங்கள் என்றேன். சிரித்தாள். ‘உங்க ஒய்ஃப் ரொம்ப நல்லவங்க, ஆனா மிட்டாய் எது மருந்து எதுன்னே தெரியமாட்டேங்குது. நான்தான் கூடவே இருந்து பாத்துக்கிறேன், இல்லன்னா என்னைக்காவது ஒரு நாள் ஏதாவது ஆயிடும்’ என்றாள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நீ மாற்றிக் கொடுத்தது மிட்டாயும் டெசர்ட்டும். மருந்து எங்கிருந்து வந்தது? சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிவிட்டாள்.

சமையல் அக்காவிடம் கேட்டேன். அவரும் லிஃப்டில் அதே கதையைக் கேட்டிருக்கிறார், அதுவும் புது வார்த்தையோடு. காவலாளியிடம் சொல்லியிருக்கிறாள், மாடியில் துணி காயப்போட வரும் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். ‘எங்க வீட்டுப் பொண்ணுக்கு மருந்துக்கும் மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியாது’ என்று கட்டிடமே பேசுகிறது. முதலில் நான் நினைத்தேன், ஏழையைக் கேலி செய்வது சிலருக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான் என்று. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவள் ராட்சசி என்று நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைக் கொல்ல நினைக்கிறாள் என்றும் சொல்லவில்லை. மீட்டிங்கில் குழந்தைச் சத்தம் கேட்கக் கூடாது, தூங்கினால் போதும், அவ்வளவுதான் அவளுக்கு. ஆனால் என்றைக்காவது அந்தக் குழந்தை எழுந்திருக்கவில்லை என்றால், கை நீட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அதற்கு உன்னைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். டப்பாவைத் திறந்த கை யாருடையது? ஊட்டின கை யாருடையது? எல்லாரும் உன்னைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

அந்தக் கரடி பெரியவர்களுக்கான தூக்க மருந்தோ என்று சந்தேகப்பட்டு, எங்கள் கடை மருந்துக் கவுண்டர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்க எழுத்தைப் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் தினமும் கொடுத்து, பேச்சு குறைந்து, சோற்றோடு தூங்குகிறது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ‘அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது ஒண்ணுமேல ஒண்ணு சேர்ந்தா மூச்சே மெதுவாயிடும். தூங்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க’ என்றார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் நீ அறிந்திருக்க வேண்டும்.

சமையல் அக்கா ஊருக்குக் கிளம்புகிறதற்கு முன்னால் குப்பை போடுகிற இடத்தில் வைத்து நீ அவரிடம் சொன்னதையும் அவர் சொல்லக் கேட்டேன். இந்த வாரக் கடைசியில் மேடம் வேலையாக வெளியூர் போகிறாள், அவள் வீட்டுக்காரரும் ஊரில் இல்லை, நீயும் குழந்தையும் மட்டும்தான். அழுதால் ஒன்று கொடு, மறுபடி அழுதால் இன்னொன்று கொடு என்று டப்பாவையே உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சும்மா கவலை என்று எழுதி என்ன பிரயோஜனம், பயம்தான். சுண்டெலிக்குச் சாதம் பிசைகிறேன், உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை.

அவள் கிளம்புவதற்கு முன்பே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று அக்கா சத்தியம் செய்திருக்கிறார். நான் சொல்கிறதைக் கவனமாகக் கேள். இனி உன் கையால் அந்தக் கரடி ஒன்றுகூடக் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. அவள் முன்னால் கொடுக்கச் சொன்னால் கொடுப்பதுபோல் செய்து இடுப்பில் செருகிக்கொள். நீ சாமர்த்தியசாலி, என்னை இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாய், இவளை ஏமாற்ற மாட்டாயா. உனக்கென்று டீயோ தண்ணீரோ அவள் கொடுத்தால் கீழே ஊற்று. நீ விழித்திருக்க வேண்டும்.

அவள் வண்டி வாசலைத் தாண்டியதும், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள், டப்பாவைக் கையில் எடுத்துக்கொள். கீழ்த்தளத்தில் ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறாராமே. ஒருநாள் லிஃப்டில் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இது ஏன் இப்படித் துவண்டு கிடக்குது’ என்று மேடத்தைக் கேட்டாராம். ஜலதோஷம் என்று அவள் சொல்லிவிட்டாளாம். கேட்கத் தோன்றியவர் அந்தக் கட்டிடத்தில் அவர் ஒருத்தர்தான். அவரிடம் போ. அவரும் உன்னைப் பற்றிய கதையைக் கேட்டிருப்பார், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் முதலில் பார்ப்பார். பார்க்கட்டும். நீ வாதாடாதே, அழாதே. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தை அவர் கண்ணுக்கு நேராக நீட்டு. ‘இதை கேண்டின்னு சொல்லி என்னைக் கொடுக்கச் சொன்னாங்க, இது கேண்டி இல்லை, குழந்தைய டாக்டர்கிட்ட காட்டணும்’ என்று மட்டும் சொல். நிதானமாகச் சொல். ஒருமுறை சொல்லிப் பழகிக்கொள்.

அதற்கு முன்பே குழந்தையை எழுப்பி எழுந்திருக்கவில்லை என்றாலோ, மூச்சு இழுத்து இழுத்து வந்தாலோ, மேடம் வீட்டில் இருந்தாலும் சரி, யாரையும் கேட்காதே. கதவைத் திறந்துகொண்டு ஓடு. வேலை போகும், போகட்டும். உன் பாஸ்போர்ட் அவள் அலமாரியில் இருக்கிறது என்று அக்கா சொன்னார், இருக்கட்டும், அதை வாங்குவதற்கு ஆயிரம் வழி உண்டு. நாம் சமாளித்துக்கொள்ளலாம் என்று சும்மா எழுதவில்லை. மீசைக்காரரிடமும் மருந்துக் கவுண்டர் அக்காவிடமும் பேசிவிட்டேன், எங்கே யாரைப் பார்த்து மனுக் கொடுக்க வேண்டும் என்று இருவரும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அங்கே தனியாக இல்லை. தூரம்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி அடித்திருப்பதைப் பார்ப்பாய். அடித்தும் எழுத்து தெரிகிறது, மை அவ்வளவுதான் மிச்சம். குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு நீ மட்டும் எப்படியாவது வந்துவிடு என்று எழுதிவிட்டேன். எழுதும்போது உன் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வேறு ஒரு பிள்ளைக்காக என் பிள்ளையின் அம்மாவை ஏன் இழக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். எழுதி முடித்தபோது சுண்டெலி வந்து முதுகில் சாய்ந்து, அம்மாவுக்கா எழுதுறீங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்ட முடியாது என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன்.

அந்த வரியைப் படிக்காதே. படித்தாலும் நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளாதே. அந்தக் குழந்தையை விட்டுவிட்டு நீ ஒரு படிகூட இறங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனையும் எழுதுகிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே கீழே இறங்கு. நர்ஸ் அம்மா வீட்டுக் கதவைப் பலமாகத் தட்டு. திறக்கிறவர்கள் உன் முகத்தைப் பார்த்து நம்பட்டும்.

உன்,
நான்